கோமகனுக்கு நான் கொடுத்த குரல்

தம்பி,

நீ கொழும்புக்கு வேலைக்குப் போன புதிதில் உனக்கு இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு எல்லாம் தொலைபேசிதான். "சாப்பிட்டியோ?" "ஓம்." "வேலை எப்பிடி?" "பரவாயில்லை அப்பா." அதோடு நம் கதை முடிந்துவிடும். இன்றைக்குச் சொல்ல வேண்டியது அதற்குள் அடங்காது. அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன் தகப்பன்மார் பிள்ளைகளுக்குப் புத்திமதி எழுதுவதுண்டு. நானும் அப்படித் தொடங்கலாம் என்றுதான் இருந்தேன். பேனையை எடுத்ததும் கோபம்தான் முதலில் வருகிறது, அதற்குப் பின்னால் பொறாமை வருகிறது. புத்திமதி ஏதாவது மிஞ்சினால் கடைசியில் பார்ப்போம்.

உன்னுடைய கட்டுரையை நீ எனக்கு அனுப்பவில்லை. எனக்கு மருமகளாக வரப்போகிற பிள்ளைதான் கிளிநொச்சியிலிருந்து அனுப்பினாள். "மாமா, இவர் எழுதினது சஞ்சிகையில வந்திருக்கு. உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார் எண்டு தெரியும். வாசியுங்கோ" என்று ஒரு செய்தி, கீழே கட்டுரை, அதற்கும் கீழே நீ கட்டுரையில் எழுதின, கதைக்கிறதெல்லாம் விளங்கத் திரையின் அடியில் தமிழில் எழுத்துப் போட்டு வைத்திருக்கிற படம். கனகராயன்குளத்தில் என் கடையில், கழற்றிப் போட்ட ஒரு ரீவிக்கு முன்னால் இருந்து வாசித்தேன். திருத்த வேலை கொண்டு வந்தவர்களைப் பின்னேரம் வரச் சொல்லிவிட்டு இன்னொரு முறை வாசித்தேன். நல்ல கட்டுரை. அதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துபோகும். இத்தாலியில் எப்போதோ எடுத்து, அந்த நாட்டுச் சனமே பார்க்காமல் விட்ட ஒரு பழைய சரித்திரப் படத்தை, ஒரு கோமகனும் அவனுடைய இளம் மனைவியும் பெரிய வீடொன்றுக்குள் வாழ்ந்த கதையை, நீ எழுதியிருக்கிற விதத்தில் வாசித்தால் கல்லும் எழும்பிப் போய்ப் பார்க்கும்.

ஆனால் மூன்றாவது பந்தியில் ஒரு வசனம் எழுதியிருக்கிறாய். சிறு வயதில் இந்தப் படத்தை யாரோ ஒருவருடைய இரைச்சலான ஒலிபெருக்கி விளக்கத்தோடு பார்த்ததாகவும் அப்போது ஒன்றும் விளங்கவில்லை என்றும். யாரோ ஒருவர். தம்பி, அந்த யாரோ ஒருவருடைய மடியில் இருந்துதான் நீ பார்த்தாய். இரண்டு பந்தி தள்ளி, அந்தப் படத்தை எடுத்த இத்தாலிக்காரனை 'என் முதல் ஆசான்' என்று வேறு எழுதியிருக்கிறாய். எனக்கு வயிறு எரிந்தது. அந்த மனிதன் செத்தே பல காலம் என்று நீயே எழுதுகிறாய். செத்துப்போன ஒரு வெள்ளைக்காரனோடு எனக்கு என்ன போட்டி என்று நீ சிரிக்கலாம். அவன் உனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கினானா? யுத்தம் முடிந்து எங்களை அடைத்து வைத்த முகாமில் உனக்குக் காய்ச்சல் வந்தபோது தண்ணீர் வரிசையில் நின்றது அவனா? ஒரு படத்தை எடுத்துவிட்டுச் செத்துப்போனான், என் பிள்ளை அவனை ஆசான் என்கிறான். நான் பக்கத்திலேயே இருந்தேன், நான் யாரோ ஒருவர். இரண்டு நாள் கடைக்கு வந்த ரேடியோக்களைத் திருத்தாமல் திருப்பி அனுப்பினேன்.

இந்தக் கடிதத்தை உன் கட்டுரை வந்த அதே சஞ்சிகையில் போடக்கூடிய மாதிரித்தான் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. நான் பொய் சொன்னது காதுக்குள் இல்லை, ஒலிபெருக்கியில். ஊர் கேட்கச் சொன்ன பொய்யை ஊர் கேட்கத்தான் திருப்பி எடுக்க வேண்டும். அந்தப் படத்தோடு உன் அம்மாவின் கதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவளைப் பற்றி நான் உனக்குச் சொல்லி வைத்ததெல்லாம் பொய். உண்மையை வாசித்த பிறகு உன் கல்யாணத்தில் ஒரு மூலையிலாவது என்னை நிற்க விடுவாயோ எனக்குத் தெரியாது. அதனால் முதலில் நீ வாசி. வாசித்துவிட்டு, அச்சில் போடுவதா அடுப்பில் போடுவதா என்பதை நீயே முடிவு செய். சில விடயங்கள் உனக்குத் தெரிந்தவை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

யுத்தம் கொஞ்ச வருசம் நின்றிருந்த சமாதான காலத்தில் எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. கடைக்குப் பின்னால் தென்னோலைக் கிடுகால் ஒரு கொட்டில் போட்டு, ஒரு ரீவி, வீடியோக் கசற் போடுகிற ஒரு டெக், மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு ஜெனரேற்றர், இவ்வளவும் வைத்து மினி சினிமா நடத்தினேன். பின்னேரம் மூன்று மணிக்குப் படம். தமிழ்ப் படங்கள் கொஞ்சம்தான் கைக்குக் கிடைக்கும், அதையே எத்தனை தரம் போடுவது? வவுனியாவிலிருந்து வருகிற ஆங்கிலப் படங்களைப் போட்டால் சனத்துக்கு விளங்காது. ஆகவே நானே மைக்கைப் பிடித்துக்கொண்டு ரீவிக்குப் பக்கத்தில் இருந்து, ஆண் பெண் எல்லாருக்கும் தமிழில் நானே கதைத்தேன். என்னுடைய ஆங்கிலம் எவ்வளவு என்பது உனக்குத் தெரியும். விளங்கின இடத்தில் விளங்கினதைச் சொன்னேன், விளங்காத இடத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. படத்தைவிட என் விளக்கத்துக்குத்தான் கூட்டம் வந்தது. அந்த நேரம் எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

வவுனியாவில் ஒரு கசற் கடை மூடினபோது ஒரு பெட்டி நிறையக் கசற் வாங்கி வந்தேன். அதில் உறையும் பெயரும் இல்லாத ஒன்று. நீ பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு மத்தியானம் தனியே போட்டுப் பார்த்தேன். ஆங்கிலம் இல்லை. கீழே எழுத்தும் இல்லை. தலையில் வெள்ளைப் பஞ்சை ஒட்டினது போல மயிர் வைத்த ஆம்பிளைகள், நிலத்தைக் கூட்டுகிற மாதிரி நீளமான சட்டை போட்ட பொம்பிளைகள். சண்டை இல்லை, பாட்டு இல்லை. நிறுத்தப் போனேன், அந்த நேரம் ஒரு தையற்காரன் வந்தான். கோமகன் அவனுக்கு ஏதோ உத்தரவு போடுகிறான். அடுத்த காட்சியில் அந்தப் பெண்ணின் சட்டை முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரைக்கும் சின்னச் சின்னக் கொளுக்கிகள். காலையில் கோமகனே தன் கையால் பூட்டுகிறான். மாலையில் தன் கையாலேயே கழற்றுகிறான். கழற்ற முன் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறான். ஒரு சொல்லும் விளங்காமலே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் தானாகக் கழற்ற முடியாத சட்டை. இடையில் யாராவது கழற்றியிருந்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்திலேயே டெக்கை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று பிறகு சொல்கிறேன்.

அந்தக் கசற்றைத் தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. அந்தக் கோமகனைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு வெறி பிடித்துக்கொண்டது. மூன்று நாள் இருந்து புதுக்கதை கட்டினேன். அடுத்த கிழமை கொட்டிலில் படம் போட்டபோது, கோமகன் தையற்காரனுக்கு உத்தரவு போடுகிற இடத்தில் மைக்கில் சொன்னேன்: "என்ர மனுசிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. முதுகால காத்துப் போகாத மாதிரி நெருக்கமாக் கொளுக்கி வையும். கூலியைப் பற்றி யோசியாதையும்." மாலையில் அவன் எண்ணுகிற இடத்தில், "ஒண்டாவது கழண்டு கிடந்து அவவுக்குச் சளி பிடிச்சிட்டுதோ எண்டு பாக்கிறன்" என்றேன். பெண்கள் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. படம் முடிந்து போகும்போது தபால்கந்தோரில் வேலை செய்த அக்கா என்னிடம் வந்து, "என்ன மாதிரி உருகுறான் பாத்தியளோ. எங்கட வீட்டிலயும் ஒண்டு இருக்குதே, நான் சளி, தடிமன் பிடிச்சுக் கிடந்தாலும் தேத்தண்ணி கேக்கும்" என்றா. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். எதற்குக் கிடைத்தது என்று யோசித்தால் கூசுகிறது.

கடைசியில் அந்தப் பெண் குதிரை வண்டியில் ஏறிப் பனிக்குள் போகிறாள். அதற்கு முன்னால் ஒரு நீளமான காட்சி, அவள் சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டுகிற காட்சி. சனத்துக்கு முன்னால் உடுப்பு வெட்டுகிறதைக் காட்ட முடியாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லி, அந்த இடம் வந்ததும் பொத்தானை அமத்தி ஓட்டிவிடுவேன். படம் கோடு கோடாகப் பறக்கும். பிறகு வண்டி. "தாய்க்குச் சுகமில்லை எண்டு பாக்கப் போறா. வெள்ளாமை வெட்டுக்கு முன்னம் திரும்பி வந்திடுவா" என்று சொல்லி முடிப்பேன். நீ என் மடியிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "வருவாவோ அப்பா?" என்று கேட்பாய். வருவா என்பேன். "எங்கட அம்மாவோ?" என்பாய். "அவாவும் அப்பிடித்தான், வெளிநாட்டில வேலை முடிய வந்திடுவா" என்பேன். பிறகு ஒவ்வொரு கிழமையும் அந்தப் படத்தையே போடச் சொல்லி நச்சரித்தாய். உனக்குப் படம் பிடித்துவிட்டது என்று நினைத்துச் சந்தோசத்தில் புளுகமாக இருந்தேன். ஒரு நாள் வண்டி பனிக்குள் மறைந்த பிறகும் நீ எழும்பாமல், வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு, "இண்டைக்கும் வரேல்லை" என்றாய். அதற்குப் பிறகு அந்தக் கசற்றை நான் போடவில்லை. பழுதாகிவிட்டது என்று உனக்குச் சொன்னேன். அதுவும் பொய்தான்.

கோபம் கொஞ்சம் ஆறின பிறகு, நீ அனுப்பாமல் எனக்குக் கிடைத்த, நீ தமிழில் எழுத்துப் போட்ட அந்தப் படத்தைப் பார்த்தேன். கடையை மத்தியானம் பூட்டிவிட்டு, காதுக்குள் வயர் வைத்துக்கொண்டு பார்த்தேன். அந்த இத்தாலிக்காரனிடம் பிழை பிடிக்கத்தான் இருந்தேன், உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் பிழை என்னுடையதாக இருந்தது. எங்கள் கொட்டில் ரீவியில் சிவப்பு வேலை செய்யாது, எல்லாம் நீலம்தான். ஊரே அவளை நீலச் சட்டைக்காரி என்றுதான் சொன்னது. பார்த்தால் அது மாதுளம்பூ நிறம். படம் போகப் போக ஒவ்வொரு சட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறிக்கொண்டே போய்க் கடைசியில் சாம்பல் நிறத்தில் வந்து நிற்கிறது. நீ எழுதியிருந்தாய், நான் நம்பவில்லை. ரீவி திருத்துகிறவன் நான், நிறத்தை எனக்குச் சொல்லித்தர நீ யார் என்று இருந்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நீ சொன்னது சரி.

இரண்டாவது, சத்தம். அந்தப் படத்தில் பின்னணி இசை இல்லை என்பதைக்கூட நான் கவனித்ததில்லை. என் வாய் ஓய்ந்திருந்தால் அல்லவா கவனிக்க. அவள் அறைக்குள் வர முன்னமே அவளுடைய பட்டுச் சட்டை நிலத்தில் உரசுகிற சத்தம் வந்துவிடுகிறது. சந்தோசமாக வரும்போது ஒரு மாதிரி, களைத்து வரும்போது இன்னொரு மாதிரி. பாதிப் படத்துக்குப் பிறகு சத்தமே இல்லாமல் வந்து நிற்கிறாள். எப்படி என்று பார்த்தால், கோமகனுக்குக் கேட்கக்கூடாது என்று சட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அந்தக் கையை மட்டும் காட்டுகிறான் அந்த மனிதன். புருசனுக்குப் பயந்த ஒரு பெண்ணை இதைவிட எப்படிக் காட்டுவது? நான் அந்த இடத்தில் மைக்கில், "அவவுக்குச் சட்டையில சேறு பட்டிடும் எண்டு பயம்" என்று கத்திக்கொண்டிருந்தேன். நல்ல படம் எடுத்திருக்கிறான் தம்பி. அதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு பொறாமைக்காரனின் உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்று, அந்தத் துறையில் ஊறினவனான என்னைவிட அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு நான் ஓட்டிவிட்ட காட்சி வந்தது. முதல் முறையாக முழுக்கப் பார்த்தேன். ஒரு சொல்லும் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று முதுகுக்குக் கையை விடுகிறாள். தோளுக்கு மேலால் விட்டால் ஒன்றிரண்டு கொளுக்கி எட்டுகிறது, கீழால் விட்டால் ஒன்றிரண்டு எட்டுகிறது, நடுவில் இருப்பவை எட்டவே இல்லை. களைத்துப்போய் இருக்கிறாள். தையற்காரன் விட்டுப்போன கத்தரிக்கோல் கண்ணில் படுகிறது. கழுத்தடியில் தொடங்கி முன்பக்கத்தால் மெல்ல மெல்ல வெட்டுகிறாள். நல்ல துணியை வெட்டுகிறோமே என்று அவளுக்கே மனம் கேட்கவில்லை, ஒரு இடத்தில் நிறுத்தித் தடவிப் பார்க்கிறாள். பிறகு உள்ளுடுப்போடு, வெறுங்காலோடு, கோமகன் இருக்கிற கதிரைக்கு முன்னால் நடந்து போகிறாள். அவன் எழும்பவில்லை. அவள் போன பிறகு எழும்பிப் போய், நிலத்தில் கிடக்கிற சட்டையைத் தூக்கி, பழக்கதோசத்தில் முதுகுக் கொளுக்கிகளை எண்ணுகிறான். ஒன்றும் கழலவில்லை. எல்லாம் பூட்டினபடியே இருக்கிறது.

அந்த இடத்தில் நான் காதிலிருந்த வயரைக் கழற்றிவிட்டேன். இனி உன் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

உன் அம்மா வெளிநாட்டுக்குப் போகவில்லை. என்னுடன் இருக்க முடியாமல் போனாள். அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை. வடிவாகச் சிரிப்பாள், யாரோடும் நின்று கதைப்பாள், அவ்வளவுதான். அவள் வெளியே போய் வந்தால் வாசலில் கழற்றி வைத்த செருப்பைத் திருப்பிப் பார்ப்பேன். றோட்டுப் பக்கம் செம்மண், குளத்துப் பக்கம் கறுத்தக் களிமண். சந்தைக்குப் போறன் என்று சொன்னவளின் செருப்பில் களி இருந்தால் அன்று முழுக்க விசாரணை. "குளக்கட்டில ஆரைப் பாக்கப் போனனீ?" என்பேன். "உங்கட சாரத்தைக் குளத்தில ஆர் தோய்ச்சதாம்?" என்பாள். அப்படியும் விடமாட்டேன். பிறகு அவளுடைய சைக்கிளில் கை வைத்தேன். காலையில் கடைக்கு வரும்போது சில்லிலிருந்து காற்றைப் பிடித்து வைக்கிற வால்கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவேன். காற்று நிற்காத சைக்கிளில் எங்கே போவது? மாலையில் நானே பூட்டிக் காற்றடித்து வைப்பேன். ஒரு நாளும் அவள் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. எனக்குப் பயந்துவிட்டாள் என்று பெருமையாக இருந்தது.

உன்னைக் கூட்டிக்கொண்டு தமக்கை வீட்டுக்குப் போய்ச் சில நாள் இருக்கலாமோ என்று ஒரு முறை கேட்டாள். "போறதெண்டால் நீ போ. பிள்ளை என்ர" என்றேன். உனக்காகவே அதற்குப் பிறகும் இரண்டு வருசம் இருந்தாள். நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தேன். சைக்கிள் சுவரில் சாத்தினபடி அப்படியே நின்றது. வால்கட்டை என் பையில் பத்திரமாக இருந்தது. அவள் நடந்து போயிருந்தாள். றோட்டுக்கு நடந்து, பஸ் ஏறி, வவுனியாவுக்குப் போயிருந்தாள். குசினியில் உனக்குச் சோறு மூடி வைத்திருந்தது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று உனக்கும் ஊருக்கும் ஒரே கதையைச் சொன்னேன். நம்பினவர்கள் நம்பினார்கள், நம்பாதவர்கள் உன் முகத்துக்காகப் பேசாமல் இருந்தார்கள். பிறகு யுத்தம் வந்து ஊரையே கலைத்துவிட்டது, கேட்க ஆளில்லாமல் போனது எனக்கு வசதியாகிவிட்டது.

இத்தோடு முடிந்திருந்தால் பாதிப் பாவம். முகாமால் வந்து நாங்கள் மீண்டும் கடையைத் திறந்து, நீ உயர்தரம் படித்துக்கொண்டிருந்த நேரம், அவள் கடைக்கு வந்தாள். முன்வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. உன்னை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றாள். நீ ரியூசனுக்குப் போயிருந்தாய், அரை மணித்தியாலத்தில் வந்துவிடுவாய். நான் சொன்னேன், "அவன் உன்னைப் பாக்க விரும்பேல்லை."

"அவன் சொன்னவனோ, நீங்கள் சொல்லுறியளோ?"

"ரெண்டும் ஒண்டுதான்."

அவள் வாசலிலிருந்தே திரும்பிப் போய்விட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது நீ அம்மாவைப் பற்றிக் கேட்டாய், நினைவிருக்கிறதா? எத்தனையோ நாள் கேட்காமல் இருந்துவிட்டு அன்றைக்குப் பார்த்துக் கேட்டாய். வெளிநாட்டிலேயே ஒரு வாழ்க்கையைத் தேடிக்கொண்டுவிட்டா, இனி எதிர்பார்க்காதே என்று சொன்னேன். நீ தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டாய். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று நூறு நியாயம் எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஒரே நியாயம்தான் உண்மை. உன்னைத் தனியே வளர்த்தவன் நான், அவள் வந்து ஒரு தரம் சிரித்தால் நீ அவள் பக்கம் போய்விடுவாய். மனைவி மேல் பட்ட பொறாமை முடிந்து, பிள்ளையைப் பங்கு போடுகிற பொறாமை தொடங்கியிருந்தது.

உன் கட்டுரையில் 'யாரோ ஒருவர்' என்று எழுதியதை இப்போது வேறு விதமாகவும் யோசிக்கிறேன். அந்தக் காட்சியை ஓட்டிவிட்டவன், கதையை மாற்றிச் சொன்னவன் உன் அப்பன்தான் என்று எழுதினால் எனக்கு அவமானம் என்று நினைத்து மறைத்தாயோ? கொளுக்கி எண்ணுகிற கோமகனைப் பார்த்ததும், சின்ன வயதில் வாசலில் நான் செருப்பைத் திருப்பிப் பார்த்தது உனக்கு ஞாபகம் வந்ததோ? எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டுதான் எழுதினாய் என்றால், இந்தக் கடிதத்தில் பாதியை நீ முதலே வாசித்துவிட்டாய்.

இப்போது புத்திமதி. உன் நிச்சயதார்த்தத்தன்று, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. எழும்பிப் போய்க் கதைத்துவிட்டு வந்தாள். "ஆர்?" என்று கேட்டாய். "கூடப் படிச்ச ஒராள், வாழ்த்துச் சொன்னது" என்றாள். "ஆம்பிளையோ?" என்றாய். அவள் சிரித்தாள். சற்று நேரத்தில் அவள் தண்ணீர் எடுக்கப் போனபோது, மேசையில் கிடந்த அவளுடைய தொலைபேசியை நீ ஒரு விரலால் திருப்பிப் பார்த்தாய். ஒருவரும் காணவில்லை என்று நினைத்தாய். நான் கண்டேன். அந்தக் கோமகனைப் பற்றி அவ்வளவு அழகாக எழுதத் தெரிந்தவன் நீ, அந்தப் பெண்ணின் பக்கம் நின்று எழுதியவன் நீ. படம் பார்த்தால், எழுதினால், இந்த வியாதி மாறிவிடும் என்று நினைத்துவிடாதே. மூன்று நாள் கஷ்டப்பட்டு ஒரு கெட்டவனுக்கு நல்ல வார்த்தை தேடிக் கொடுத்தவன் சொல்கிறேன். இது நம் வீட்டில் இருக்கிறது, உனக்கும் வந்திருக்கிறது. சந்தேகம் வருவதை உன்னால் தடுக்க முடியாது. அது வந்தால் கையைக் கட்டிக்கொண்டு இரு. தொலைபேசியைத் தொடாதே, கேள்வியைக் கேட்காதே. அவளுக்காக என்று சொல்லிக்கொண்டு ஒன்றும் செய்யாதே. நானும் எல்லாவற்றையும் அவளுக்காக என்றுதான் சொல்லிக்கொண்டு செய்தேன்.

போன கிழமை உன் அம்மா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். கல்யாண விடயம் யாரோ சொல்லித் தெரிந்திருக்கிறது. "மேடைக்கு வரமாட்டன். பின்னுக்கு ஒரு கதிரையில இருந்து பாத்திட்டுப் போறன். வரலாமோ?" என்று கேட்டாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். பெற்றோர் இடத்தில் சித்தப்பாவும் சித்தியும் நிற்பதாகத்தானே ஏற்பாடு. மனைவி இல்லாதவன் என்று நான் ஒதுங்கி நிற்கப் போகிறேன், ஊர் என்னைப் பார்த்து இரங்கும், அதிலும் எனக்கு ஒரு சந்தோசம் இருந்தது. அவள் வந்தால் அதுவும் போய்விடும். இவ்வளவும் எழுதின பிறகும், நீ அவளைப் பார்க்கிற முதல் பார்வையை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. எனக்கு நீ ஒரு நாளும் அப்படி ஒரு பார்வை தரவில்லை. பக்கத்திலேயே இருக்கிறவனை யார் அப்படிப் பார்ப்பார்கள்?

அவள் வவுனியாவுக்குப் பக்கத்தில், நெளுக்குளத்தில் இருக்கிறாள். தனியேதான் இருக்கிறாள், ஒரு முன்பள்ளியில் பிள்ளைகளுக்குச் சமைக்கிறாள் என்று அவளுடைய தமக்கையிடம் விசாரித்து அறிந்துகொண்டேன். விலாசத்தையும் இலக்கத்தையும் தனித் துண்டில் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். அது உனக்கு மட்டும், சஞ்சிகைக்கு இல்லை. கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிடுவதும், கூப்பிட்டால் எந்தக் கதிரையில் இருத்துவதும் உன் விருப்பம். நான் நிற்கிற இடமும் உன் விருப்பம். ஆனால் கல்யாண நாள் வரைக்கும் காத்திருக்காதே, முதலே போய்ப் பார். என்னைக் கூட்டிக்கொண்டு போகாதே. போய் வந்த பிறகு, அம்மா என்ன சொன்னா, என்னைப் பற்றி என்ன சொன்னா, எவ்வளவு நேரம் இருந்தாய் என்றெல்லாம் கேட்க எனக்கு வாய் துடிக்கும். கேட்கமாட்டேன்.

அப்பா